நூறு கூட்டிக் கேட்ட குரல்

சின்னத்துறையில் டிவி பழுதுபார்க்கும் சகாயசெல்விக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். புயல் எச்சரிக்கை வந்தும் புருஷன் ததேயுஸின் விசைப்படகு திரும்பவில்லை. படகு வயர்லெஸின் தாழ்ந்த அலைவரிசையை நூறு மெகாஹெர்ட்ஸ் உயர்த்தினால்தான் அவளது கணினி ரேடியோ பிடிக்கும். அப்படி உயர்த்தித் தரும், பாதியில் கிடந்த கன்வெர்ட்டர் கிட்டை அன்றே சால்டர் செய்து முடித்தாள்.

படகு வயர்லெஸின் அலைவரிசை எண்ணைக் கணினியில் அடித்தாள். வெறும் இரைச்சல். "நூறு கூட்டணும்லா!" என்று தலையில் அடித்துக்கொண்டு எண்ணை மாற்றினாள்.

ததேயுஸின் குரல் கேட்டது; வேறொரு படகுக்காரனிடம் பேசிக்கொண்டிருந்தான். "இங்க மீனே இல்ல மக்கா. நாங்க கரைக்குத் திரும்பியாச்சு."

"மாதாவே! மைனி, அண்ணன் வாறான்!" என்று பக்கத்தில் நின்ற நாத்தனார் அபினா கைகூப்பினாள்.

செல்வி மேசையில் குத்தினாள். மீன் குவியும் இடத்தை மற்றவர்களுக்கு மறைக்க அவன் எப்போதும் சொல்லும் பொய் அது. அப்படியென்றால் வலையை விரித்தபடி இன்னும் நடுக்கடலில்தான் நிற்கிறான்.

"வலைய அறுத்துப் போட்டுட்டு வாரும்!" என்று, கேட்க மட்டுமே தெரிந்த அந்த ரேடியோவைப் பார்த்துக் கத்தினாள்.