சூடாமணி பிரித்துக் காட்டிய பிரேக்

மந்தைவெளி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த தணிகாசலத்தின் ஷெட்டில் டாக்சிக்காரர்கள் இரண்டு பேரைத் தேடி வருவார்கள். இன்ஜின் என்றால் தணிகாசலம். பிரேக் என்றால் அவர் பெண்சாதி சூடாமணி.

கிண்டியில் ஒரு ரப்பர் ஃபாக்டரியில் ஒன்பது வருஷம் இருந்தவள் அவள். ரப்பர் வளையங்களை விதவிதமான எண்ணெயில் ஊறப்போட்டு, எது ஊதிப் போகிறது, எது தாங்குகிறது என்று பார்ப்பது அவள் வேலை. எழுபத்தொன்றில் ஸ்ட்ரைக் முறிந்தபோது, மன்னிப்புக் கடிதம் கொடுத்தவர்களை மட்டும் உள்ளே விட்டார்கள். சூடாமணி கொடுக்கவில்லை. மறுவாரம் புருஷனின் ஷெட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு அம்பாசடரின் பிரேக்கைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

எழுபத்தேழில் ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து சுப்பராமன் வந்தார். சர்க்கார் இன்ஜினியர். ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கிய ஜப்பான் மோட்டார் சைக்கிள் அவருடையது. அதன் முன்சக்கரத்தில் ஒரு இரும்புத் தட்டு சுழலும். கேலிப்பர் என்கிற இடுக்கி அதைக் கவ்வி வண்டியை நிறுத்தும். அந்தக் கேலிப்பர் இறுகிப்போய்க் கிடந்தது. கழற்றி எறிந்துவிட்டுப் பழைய மாதிரி பிரேக் மாட்டிக்கொள்ளச் சொல்லி மூன்று மெக்கானிக்குகள் கைவிரித்திருந்தார்கள்.

சூடாமணி வாங்கி வைத்துக்கொண்டாள். உள்ளே பிஸ்டன் அம்மை வார்த்த முகம் போலக் குழிந்திருந்தது. புதிதாகக் கடைந்து முலாம் போட வைத்தாள். ஃபாக்டரியில் கூட வேலை பார்த்த வஜீஹாவிடம் சொல்லி, அளவெடுத்து, பிஸ்டனைச் சுற்றி ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையங்கள் இரண்டை வார்த்து வாங்கினாள். வளையம் உட்காரும் பள்ளத்தில் உப்புப் பூத்திருந்ததைச் சுரண்டி எடுத்தாள். பெட்ரோல், மண்ணெண்ணெய் எதையும் கிட்டே விடாமல் பிரேக் ஆயிலிலேயே கழுவிப் பூட்டினாள். பிறகு ஹாண்டில்பாரில் இருந்த பிரேக் பிடியை ட்யூப் துண்டால் இறுக்கிக் கட்டி, கீழே செய்தித்தாளை விரித்து ஒரு பகல் முழுக்க வைத்திருந்தாள். தாளில் ஒரு பொட்டுகூட விழவில்லை.

இரண்டு மாதம் கழித்து, அடையாறு பாலத்தில் பிரேக் பிடி விரலோடு அப்படியே உள்ளே போயிற்று. ஒரு மாட்டு வண்டியைத் தவிர்க்கப் போய் சுப்பராமன் விழுந்தார். இடது கை எலும்பு முறிந்தது. வண்டியை தி.நகரில் அவர் வழக்கமாக விடும் சர்வீஸ் ஸ்டேஷனுக்குத் தூக்கிப் போனார்கள். அங்கே மேனேஜர் கருணாகரன் பார்த்த பார்வையிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: பொம்பளை பூட்டிய பிரேக் வேறு எப்படி இருக்கும்?

கட்டுப் போட்ட கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு சுப்பராமன் ஷெட்டுக்கு வந்தார். "உங்க மேல குத்தம் சொல்லல்லைம்மா. ஆத்துல எல்லாரும் பயந்துண்டிருக்கா. வண்டிய வித்துடலாம்னு பாக்கறேன்" என்றார்.

"வித்துக்குங்க சார். அதுக்கு முன்னாடி அத்த யாரும் தொடக்கூடாது. நான் அங்கயே வந்து பிரிக்கிறேன். நீங்க நின்னு பாருங்க."

அவர் போனதும் தணிகாசலம் கெஞ்சினார். பாதி டாக்சிகள் அந்த ஸ்டேஷன்காரர்கள் சொல்லித்தான் வருகின்றன. பகைத்துக்கொண்டால் அடுப்பு எரியாது.

"வுட்டுடு மே. நாலு நாளு பேசிட்டு அடங்கிடுவானுங்க."

"எம்மேல தப்புன்னா நானே ஒத்துக்கினு வரேன். பாக்காமயே சொல்றான் பாரு, அத்த வுட முடியாது."

ஒயர் கூடையில் ஸ்பானர்களையும் மிச்சமிருந்த ஒரு வளையத்தையும் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். சர்வீஸ் ஸ்டேஷன் வாசலில் கருணாகரன் வழி மறித்தார். வெளியாள் உள்ளே வேலை செய்யக்கூடாதாம். சுப்பராமன் முதல் முறையாகக் குரலை உயர்த்தி, வண்டி தன்னுடையது என்றார். மெக்கானிக்குகள் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள்.

சூடாமணி கேலிப்பரைக் கழற்றிப் பிஸ்டனை வெளியே எடுத்தாள். வளையத்தை ஊசியால் நெம்பித் தாளின் மேல் வைத்தாள். பக்கத்தில் கூடையிலிருந்த புது வளையத்தை வைத்தாள். இரண்டும் ஒரே நாளில் வார்த்தவை என்றாள். பழையது ஊதி, கொழகொழத்து, ஒரு ஓரத்தில் பிய்ந்திருந்தது. அப்புறம் பிரேக் பிடிக்கு மேலிருந்த ஆயில் டப்பாவில் மீந்திருந்ததை ஒரு டீ கிளாஸில் ஊற்றி வைத்துவிட்டு அதையே பார்த்தபடி உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அது இரண்டாகப் பிரிந்தது. மேலே மிதந்ததை விரலில் தொட்டு, அருகில் நின்ற மெக்கானிக்கிடம் நீட்டினாள். அவன் முகர்ந்து பார்த்து, "இன்ஜின் ஆயிலு" என்று முனகினான். போன மாதம் சர்வீஸுக்கு விட்டபோது இங்கேதான் பிரேக் ஆயில் நிரப்பினார்கள் என்று சுப்பராமன் சொன்னார்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவள் ஊசியைப் பள்ளத்துக்குள் சுற்றிலும் ஓட்டிப் பார்த்தாள். ஒரு இடத்தில் தடுக்கிற்று. கடுகளவு உப்பு. யாருக்கும் தெரியவில்லை, மூடிவிட்டால் தெரியவும் போவதில்லை. அதை ஊசிமுனையில் எடுத்துத் தாளில் வைத்தாள்.

"இது என் தப்பு. சரியா சொரண்டாம வுட்டுட்டேன்."

கருணாகரன் பாய்ந்தார். அப்படியென்றால் ஒத்துக்கொள்கிறாளா?

"என்னுத நான் ஒத்துக்கினேன் சார். இதால மாசத்துக்கு ஒரு சொட்டு கசிஞ்சிருக்கும். வளையத்த ஊத வெச்சி அவர கீழ தள்ளுனது உங்க ஆயிலு. அத்த நீங்க சொல்லுங்க."

போன் வந்ததாகச் சொல்லி உள்ளே போன கருணாகரன் திரும்பி வரவேயில்லை.

ஆயில் போன வழியெல்லாம் கழுவி, ரப்பர் முழுவதையும் மாற்றி, சூடாமணி வண்டியை மறுபடி பூட்டினாள். கை எலும்பு கூடியதும் சுப்பராமன் தயங்கித் தயங்கி வந்தார். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். கடற்கரைச் சாலையில் வேகமாகப் போகச் சொல்லி, சட்டென்று பிடிக்கச் சொன்னாள். ஐந்து முறை பிடித்தார். ஐந்து முறையும் வண்டி நின்றது. அவர் அதை விற்கவில்லை.

அந்த ஸ்டேஷன் சொல்லி வந்துகொண்டிருந்த டாக்சிகள் நின்றுபோயின. ஏழு மாதம் கஷ்டம்தான். தணிகாசலம் அதைச் சொல்லிக் காட்டாத நாளில்லை. பிறகு டிரைவர்கள் தாங்களாகவே வரத் தொடங்கினார்கள். தன் தப்பைத் தானே எடுத்துக் காட்டிய பொம்பளையிடம்தான் பிரேக்கைக் கொடுப்பேன் என்று பீர் முஹம்மது என்கிற டிரைவர் ஸ்டாண்டில் சொல்லிக்கொண்டிருந்தாராம். அதைக் கேட்டபோது சூடாமணிக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்கு ஸ்டேஷனிலிருந்து திரும்பும்போது அந்தக் கடுகளவு உப்பை நினைத்து பஸ்ஸில் அழுதுகொண்டே வந்ததை அவள் யாரிடமும் சொன்னதில்லை.