மஞ்சள் வலையில் தாயும் பிள்ளையும்

அம்மா பிரசவத்துக்காக எங்கள் தீவிலிருந்து கப்பலேறி மெயின்லேண்டு போயிருந்த நான்கு மாதமும் நான் சிலந்திகளோடுதான் குடித்தனம் நடத்தினேன். எனக்கு அப்போது எட்டு வயது. எல்லாம் அம்மாவின் தம்பியான என் மாமாவின் உபயம். சிப்பிகாட் பண்ணையில் தினக்கூலியாக இருந்த அவரை, கல்கத்தாவிலிருந்து சிலந்திகளை ஆராய வந்த ஒரு வங்காளி ஆபீசர் உதவிக்கு வைத்துக்கொண்டார். அன்றோடு எங்கள் வீட்டுப் பாட்டில்கள் ஊறுகாயை மறந்தன.

ஆபீசருக்கு ஒரு விதி உண்டு. பூச்சியைப் பார்க்கும் முன் வலையைப் பார்க்க வேண்டும். கூரை மூலையில் தாறுமாறாக நூல் இழுத்து வைத்திருப்பது ஒரு வகை. புல்மேல் விரிப்புப் போட்டு, ஓரத்தில் புனல் மாதிரி பொந்து வைத்துக் காத்திருப்பது இன்னொரு வகை. மரங்களுக்கு நடுவே சக்கரமாகக் கட்டுவதிலேயே பல ரகம். ஒன்று நடுவில் வெள்ளை நூலால் பெருக்கல் குறி போட்டு, அதன்மேல் கால் நீட்டிக் கிடக்கும். இன்னொன்று என் உள்ளங்கையை விடப் பெரிதாக வளர்ந்து, மஞ்சள் நூலில் கட்டும். வகைக்கு ஒரு பாட்டில். பாட்டிலில் எண் எழுதி ஒட்டுவது என் வேலை.

எங்கள் வீட்டுப் பின்னால் பாக்கு மரங்களுக்கிடையே அப்படி ஒரு மஞ்சள் வலை இருந்தது. நடுவில் பெரிய கறுப்புச் சிலந்தி. ஓரத்தில் உளுந்தளவில், செம்பழுப்பாக ஒரு குட்டி. பெரியதில் ஏற்கெனவே ஒன்று பாட்டிலில் இருந்ததால், மாமா குட்டியை மட்டும் பிடித்து அடைத்தார்.

"இது அலக் ஜாத்து. கலரும் வேற, சைஸும் வேற. ஆபீசர் சாப் பாத்தா குஷியாயிடுவாரு" என்றார்.

வேறு ஜாதியாவது! அது பெரியதின் பிள்ளை என்பது எனக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. தாயையும் பிள்ளையையும் இப்படிப் பிரிக்கிறாரே! அம்மா கப்பலேறிய அன்று சாத்தம் ஜெட்டியில் நான் எப்படி அழுதேன் என்று அவருக்கும் தெரியும்தானே?

மறுநாள் காலை மாமா வெளியே போனதும் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மூடியைத் திறந்து குட்டியை வலையில் தட்டிவிட்டு, "போ, உங்கம்மாகிட்ட போ" என்றேன். அது நூலில் தடுமாறித் துடித்தது. பெரியது எட்டுக் காலையும் விரித்துக்கொண்டு ஓடி வந்தது. அணைத்துக்கொள்ளத்தான் வருகிறது என்று நான் கைதட்டினேன். அது கடித்தது. பிறகு உருட்டி உருட்டி நூலைச் சுற்றி, அங்கேயே தின்னத் தொடங்கியது.

நான் போட்ட அலறலில் அப்பா முகத்தில் பாதி சோப்பு நுரையோடு ஓடி வந்தார். இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தேன். காலிப் பாட்டிலுக்காக மாமா பூனையைத் திட்டினார். நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. பெற்றவளே தின்பாள் என்பதை யாரிடம் சொல்வது?

அடுத்த வாரம் கப்பல் வந்தது. அம்மா கைக்குழந்தையோடு இறங்கினாள். என்னைப் பார்த்ததும் தம்பியை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடி வந்தாள். அப்படி ஓடி வந்ததுதான் வினை.

"வேணாம்! அம்மா வேணாம்!" என்று கத்திக்கொண்டு மாமாவின் பின்னால் ஒளிந்தேன். ஜெட்டியே திரும்பிப் பார்த்தது.

"நாலு மாசத்துல மறந்துட்டியாடி?" என்றாள் அம்மா. விரித்த கைகளை மடக்கத் தெரியாமல் நின்றாள். பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள்.

அதன்பின் பத்து நாள் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. தம்பியின் தூளியருகிலேயே காவல் இருந்தேன். தம்பிமேல் எவ்வளவு பாசம் என்று எல்லோரும் மெச்சினார்கள்.

பின்னால் மெட்ராஸ் கல்லூரியில் விலங்கியல் படித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. மாமா சொன்ன மாதிரி அது வேறு ஜாதியும் இல்லை, நான் நினைத்த மாதிரி பிள்ளையும் இல்லை. முழுதாக வளர்ந்த ஆண், அதாவது, புருஷன். நியாயமாகப் பயந்திருக்க வேண்டியவர் அப்பா. விடுமுறைக்கு வந்ததும் முதல் வேலையாக, மீன் அரிந்துகொண்டிருந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அம்மா சிரிக்கவில்லை. அரிவாள்மணையை ஓரமாகத் தள்ளிவைத்தாள்.

"அப்போ, அன்னிக்கு ஜெட்டியில, உனக்கு என்னைப் பிடிக்காமப் போயிடலையா?" என்று கேட்டாள்.

அன்று கைக்குழந்தையாக வந்திறங்கிய தம்பிக்கு அப்போது பன்னிரண்டு வயது.