பெயரில்லாத முதலை

எங்கள் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் காலை நேரம் என்னுடையது என்று நான் நினைத்திருந்தேன். வந்து உட்கார்ந்ததும் ஊராட்சிச் செயலர்களுக்கு வரிசையாகப் போன் போடுவேன். எந்த ஊரில் மோட்டார் ஓடுகிறது, எங்கே பைப் உடைந்திருக்கிறது, எங்கே லாரித் தண்ணீர் போக வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்வேன். "ஓடிகினு கீது மேடம், காலைலயே இன்னா மேடம்" என்று ஒருவர் அலுத்துக்கொள்வார். எழுதியதை எடுத்துக்கொண்டு வட்டார வளர்ச்சி அலுவலரின் அறைக்குள் போய் வாசிப்பேன்.

நான் அலுவலக உதவியாளராகச் சேர்ந்து பதிவறை எழுத்தர் ஆனவள். பத்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. நாலு பேர் கூடினால் எனக்கு வாய் வராது. எல்லோரும் டீக்குப் போகும்போது கடைசி ஆளாக நடப்பேன். ஆனால் அந்த அறையில், அந்தக் கொஞ்ச நேரம், நான் பேச அலுவலர் கேட்டுக்கொண்டிருப்பார். ஒரகடம் பக்கம் கம்பெனிகள் கூடக் கூட, வாடகை அறைகள் பெருகின; தண்ணீர்ப் புகாரும் பெருகியது. நான் அங்கே நிற்கும் நேரமும் நீண்டது. அதற்காகச் சந்தோஷப்படக் கூடாதுதான். பட்டேன்.

பிறகு அவள் வந்தாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மாறுதலில் வந்த இளநிலை உதவியாளர். கணவருக்கு இங்கே உதிரிபாகக் கம்பெனியில் வேலை. என்னைவிடச் சில வயது சின்னவள். வந்த அன்றே எல்லோருக்கும் அக்கா, அண்ணன் என்று உறவு கட்டிவிட்டாள். நான் போனில் கத்திக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "ஏங்க்கா தொண்டத் தண்ணி வத்த இப்படிக் கெடந்து பேசுதிய? ஒரு ஷீட்டு போட்டுருவோம். அவங்கவங்க ஊர அவங்கவங்களே எழுதிருவாங்க" என்றாள்.

போட்டும் விட்டாள். இணையத்தில் ஓர் அட்டவணை. எல்லா ஊரும் அதில் இருந்தது. அதற்கான லிங்க்கை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினாள். செயலர்கள் தங்கள் இடத்திலிருந்தே எழுதினார்கள். அலுவலர் தன் கம்ப்யூட்டரில் அதைப் பார்த்துவிட்டு, "இனிமே நீங்க அலைய வேணாம்மா, இதுலயே வந்துருது" என்றார். எனக்கு நல்லது செய்வதாகவே நினைத்துச் சொன்னார்.

அந்த அட்டவணையில் யார் எந்தக் கட்டத்தில் இருக்கிறார்கள் என்பது தெரியும். ஒவ்வொருவருக்கும் ஒரு நிறத்தில் கோடு வரும். அலுவலருடையது பச்சை. பச்சைக் கோடு உள்ளே வந்ததும் எங்கள் ஆட்கள் எல்லோரும் தட்டச்சை நிறுத்திவிடுவார்கள். அதிகாரி அறைக்குள் வந்தால் எழுந்து நிற்போமே, அது மாதிரி. அவர் பார்த்து முடித்து வெளியே போன பிறகுதான் பாதியில் விட்ட வார்த்தையை முடிப்பார்கள். ஒரு செயலர் 'மோட்டார் பழு' என்பதோடு நிறுத்திவிட்டு வெகுநேரம் காத்திருந்தார். யாரும் சொல்லிக்கொடுத்த வழக்கம் இல்லை. எங்கள் அலுவலகத்துக்கு அது தானாக வந்தது.

அவள் மட்டும் நிறுத்த மாட்டாள். பச்சைக் கோட்டுக்குப் பக்கத்துக் கட்டத்திலேயே அவளுடைய ஊதாக் கோடு ஓடும். அவர் ஒரு கேள்வி எழுதுவார், அவள் உடனே பதில் எழுதுவாள். அவர் நகர்ந்தால் அவளும் நகர்வாள். நான் பதிவறையில் உட்கார்ந்து என் போனில் அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதில் எழுத எனக்கு ஒன்றுமில்லை. ஆனாலும் காலையில் திறப்பேன், சாப்பிட்டுவிட்டுத் திறப்பேன், வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் திறப்பேன். இரண்டு கோடும் ஒரே வரியில் இருந்தால் வயிற்றுக்குள் என்னவோ எரியும். நாற்பதைத் தாண்டிய எனக்குக் கணவன் மேல்கூட இப்படிப் பொறாமை வந்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் அலுவலகத்தில் ஒரு பேச்சு கிளம்பியது. அட்டவணைக்குள் யாரோ வெளி ஆள் வருகிறார், பெயர் தெரியவில்லை, மூலையில் ஒரு நாள் முதலை படம், ஒரு நாள் ஓநாய் படம் தெரிகிறது என்றார்கள்.

"கலெக்டர் ஆபீஸ்லேர்ந்து பாக்குறாங்கோ. சொல்லிட்டேன், எல்லாம் உசாரா இருங்கோ" என்றார் டிரைவர்.

"சும்மா இருய்யா. கலெக்டர் ஆபீஸ்ல அவ்ளோ நேரம் யாரு கண்ணு முழிச்சுப் பாக்கப் போறான்?" என்றார் கணக்கர். ஆனாலும் அவர் மறுநாளிலிருந்து சீக்கிரம் வந்தார்.

நானும் என் போனில் தேடிப் பார்த்தேன். எனக்கு மட்டும் முதலையும் தெரியவில்லை, ஓநாயும் தெரியவில்லை.

மாதக் கூட்டத்தில் அது பெரிதாகிவிட்டது. செயலர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். அட்டவணை பெரிய திரையில் விரிந்திருந்தது. கடைசி வரிசையிலிருந்து எழுத்துத் தெரியாததால் நான் போனில் திறந்து வைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் ஒரு செயலர், "ஐயா, முதலை வந்துகீது" என்றார். அலுவலரின் முகம் மாறியது.

"லிங்க்க யாரு வெளிய குடுத்தது?" என்று அவளைப் பார்த்துக் கேட்டார். "நீங்கதானம்மா இத ஆரம்பிச்சது? வெளி ஆளு உள்ள வந்தா நாந்தான் பதில் சொல்லணும். மெமோ குடுக்க வேண்டி வரும்."

அவள் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். என் நெஞ்சுக்குள் குளிர்ந்தது. அட்டவணை போய்விடும், மறுபடி போன்தான், மறுபடி நான்தான் என்று அங்கேயே கணக்குப் போட்டுவிட்டேன்.

அவள் எழுந்து, "எல்லாரும் ஒரு நிமிசம் போன மூடுங்க" என்றாள். மூடினார்கள். அவள் என்னைச் சொல்லவில்லை என்று நினைத்து நான் மூடவில்லை. முதலை போகவில்லை. அவள் ஒவ்வொரு வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்து, என் மடியில் இருந்த போனை எடுத்து ஏதோ அழுத்தினாள்.

"பூட்ச்சு! முதலை பூட்ச்சு!" என்றது முன்வரிசை.

மறுபடி திறந்தாள்.

"வந்துட்ச்சுப்பா! நம்ம அக்காதான்யா முதலை!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அலுவலரும் சிரித்தார். "ஒங்க பேரப் போட்டு நீங்க உள்ள நுழையலக்கா" என்று அவள் மெதுவாகச் சொன்னாள். "பேரில்லாம வந்தா அது ஒரு மிருகத்தப் போட்டுரும். நம்ம போன்ல அது நமக்குத் தெரியாது." பிறகு திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி, "நாந்தான் சார் அக்காவத் தெனமும் சரிபாக்கச் சொன்னேன். சொல்ல மறந்துட்டேன்" என்றாள்.

அவள் அப்படி எதுவும் என்னிடம் சொன்னதில்லை.

"அப்டின்னா சரி. காலைல ரெண்டு பேருமே வந்து சொல்லுங்க" என்றார் அலுவலர்.

நான் இழந்ததை இப்படித்தான் திரும்பப் பெற்றேன். அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். அன்று இரவெல்லாம் அவளுடைய நல்ல மனசை நினைத்துத்தான் எரிந்தேன். என் இடத்தில் அவள் இருந்து, அவள் இடத்தில் நான் இருந்திருந்தால், அந்தப் பொய்யை நான் சொல்லியிருக்க மாட்டேன்.

மறுநாள் முந்தின பஸ்ஸைப் பிடித்து அவளுக்கு முன்னால் போய்விட்டேன். அலுவலர் வந்து உட்கார்ந்ததும் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். பஸ்ஸிலேயே எல்லா ஊரையும் படித்து மனப்பாடம் செய்திருந்தேன். வாயைத் திறப்பதற்குள், "அவங்களும் வந்துரட்டும்மா, சேந்தே பாத்துரலாம்" என்றார்.

சுவரோரமாக நின்றேன். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். உட்காரச் சொல்ல அவருக்கும் தோன்றவில்லை, வெளியே போக எனக்கும் மனம் வரவில்லை.

அவள் மூச்சிரைக்க ஓடி வந்தாள். கூட்டு ரோட்டில் கன்டெய்னர் லாரி குறுக்கே நின்றுவிட்டதாம், கம்பெனி பஸ்கள் எல்லாம் வரிசையாக நிற்கின்றனவாம். முதலில் என் கையைத்தான் பிடித்தாள்.

"ரொம்ப நேரம் நிக்க வச்சிட்டனாக்கா? மன்னிச்சுக்கிடுங்க."

"பரவால்லம்மா" என்றேன்.