அம்மை போட்ட உடம்புக்கு மருந்து கொடுத்தேன்

அம்மனை நம்பிக் கும்பிடுகிற எல்லாருக்கும் இதைச் சொல்கிறேன். என் கணவர் பிழைக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிழைத்த கதை கேட்க வந்தவர்கள் எழுந்து போகலாம். ஆனால் என் வேண்டுதல் பலித்தது. அதை நான் யார் முன்னாலும் சொல்வேன்.

என் பெயர் ராஜேஸ்வரி. யட்டியாந்தோட்டைப் பக்கம் ஒரு இறப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறேன். என் கணவர் முத்தையாவும் பால் வெட்டுக்காரர்தான். 2003ஆம் ஆண்டு பங்குனித் திருவிழா முடிந்த கையோடு அவருக்கு முதுகு வலி தொடங்கியது. பால் வாளி தூக்குகிறவனுக்கு முதுகு வலிக்காமல் வேறு யாருக்கு வலிக்கும் என்று சொல்லி, தோட்டத்து டிஸ்பென்சரியில் தைலம் கொடுத்து அனுப்பினார்கள். ஆடி மாதம் பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். வயிற்றில் இருந்த புற்றுநோய் முதுகெலும்புக்கும் பரவிவிட்டதாம். இனி வெட்டி எடுக்க முடியாது என்றார்கள்.

பால் கத்தி கையைக் கிழித்தபோதுகூட வாயைத் திறக்காத மனிதர் அவர். இப்போது திரும்பிப் படுக்க முடியாமல் கத்தினார். லயம் என்றால் வரிசையாக ஒட்டிக் கட்டிய அறைகள். பக்கத்துக் காம்பிராவில் ரேடியோவைச் சத்தமாக வைத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். லயத்துச் சுவர் அவ்வளவு மெல்லியது. எத்தனை நேரம்தான் கேட்டுக்கொண்டிருப்பார்கள்?

முதலில் அம்மனிடம் அவர் உயிரைக் கேட்டேன். அழுது கேட்டேன். பிறகு என் வேண்டுதலை மாற்றினேன். "தாயே, கூட்டிக்கொண்டு போவதென்றால் போ. ஆனால் கத்த வைத்துக் கொண்டுபோகாதே." இதைத்தான் கேட்டேன். வேறொன்றும் கேட்கவில்லை.

எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியில் அவரை வாட்டில் சேர்த்தோம். அங்கே ஒரு சின்ன வயது டொக்டர், சிங்களப் பெண். "ஒன்றும் செய்ய முடியாதென்று சொல்லிவிட்டார்களே" என்று சிங்களத்தில் அழுதேன். அவர் என் தோளில் கை வைத்தார். "குணமாக்க முடியாது. அதற்காக வலியோடு விட்டுவிடுவோமா?" என்று கேட்டார். மோர்பின் மருந்துத் தண்ணீர் கொடுக்கத் தொடங்கினார். வலி வரும்வரை காத்திருக்காமல் நேரத்துக்கு நேரம் கொடுக்க வேண்டும் என்று தாதி மிஸ் எனக்குச் சொல்லித் தந்தார். கொஞ்ச நாளில் என் கணவர் எழுந்து உட்கார்ந்து சோறு சாப்பிட்டார். என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து நான் வாட்டு வாசலில் போய் நின்று அழுதேன்.

அந்தச் சமயத்தில்தான் அவர் உடம்பில் அம்மை போட்டது. நோயில் கிடக்கிற உடம்பு, சீக்கிரம் தொற்றிவிட்டது என்றார் டொக்டர். வாட்டுக்குக் கடைசியில் இருந்த தனி அறைக்கு மாற்றினார். எங்கள் ஆட்கள் விடுவார்களா? என் கணவரின் அண்ணன்தான் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் பூசாரி. நான் மாமா என்று கூப்பிடுவேன். அவர் சொந்தக்காரர்களோடு வந்து நின்றார்.

"அம்மா எறங்கியிருக்கா. ஆஸ்பத்திரில வச்சு ஊசி மருந்து குடுத்தா குடும்பத்துக்கே ஆகாது. டிக்கட் வெட்டச் சொல்லு புள்ள, வீட்டுக்குக் கொண்டுபோவோம்."

அம்மை போட்ட வீட்டில் தாளிக்கக் கூடாது, மருந்து கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை வேப்பிலைதான் எல்லாம். மீறினால் அம்மன் கண்ணைப் பறித்துவிடுவாள் என்பார்கள். நானும் அதில் பிறந்து வளர்ந்தவள்தான். டொக்டர் எவ்வளவோ தடுத்துப் பார்த்தார். கேட்காமல் டிக்கட் வெட்டி, ஆஸ்பத்திரியை விட்டு வீட்டுக்கு வந்தோம். புறப்படும்போது டொக்டர் மருந்துப் போத்தலை என் கையில் திணித்து, "நிறுத்திவிடாதீர்கள்" என்றார்.

நிறுத்தினார்கள். அபின் தண்ணீர் என்றார்கள், தீட்டு என்றார்கள். வாசலில் வேப்பிலை கட்டினார்கள். மறுநாள் விடிந்ததிலிருந்து என் கணவர் மறுபடியும் கத்தினார். முன்னைவிட மோசமாகக் கத்தினார். பக்கத்துக் காம்பிரா ரேடியோ மறுபடியும் பாடியது. "தாங்கிக்க, அம்மா சோதிக்கிறா" என்று ஒருத்தி சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்குப் பல் வலித்தால் லயமே தூங்க முடியாது!

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத முடியாது. போத்தலை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். மத்தியானப் பூசை. மாமா கற்பூரத் தட்டோடு நின்றார், சனமும் நின்றது. நான் கும்பிடவில்லை. போத்தலை எடுத்து அம்மன் முன்னால் வைத்தேன்.

"தாயே, நீ அவரு ஒடம்புல எறங்கியிருக்கேங்கிறாங்க. அப்ப அவரு கத்துறது மொதல்ல ஒனக்குத்தானே கேக்கணும்? அந்த வலி ஒனக்கும்தானே? இந்த மருந்து ஒனக்கும் சேத்துத்தான். நான் குடுக்கத்தான் போறேன். கண்ண பறிக்கிறதுன்னா என் கண்ண பறிச்சிக்க. எனக்கு வேண்டியது ஒண்ணுதான். என் பக்கத்துல நிக்க ஒரு ஆள அனுப்பு."

"பொம்பளைக்கு இவ்வளவு வாயா!" என்று பின்னால் யாரோ சொன்னார்கள். மாமா கையிலிருந்த தட்டில் கற்பூரம் அணைந்துவிட்டது. போத்தலை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்தேன்.

கரண்டியில் மருந்தை ஊற்றிவிட்டேன், ஆனால் கொடுக்க முடியவில்லை. தலையைத் தூக்கினால் அவர் துடித்தார். ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் தலை, தனியாக என்னால் ஆகவில்லை. அழுகையும் ஆத்திரமுமாக நின்றேன். அப்போது வாசல் வேப்பிலையை விலக்கிக்கொண்டு ஒருவர் குனிந்து உள்ளே வந்தார். மாமா. மேல்சட்டை இல்லை, கையில் தீர்த்தச் செம்பு. என்னோடு சண்டைக்கு வருகிறார் என்றே நினைத்தேன். அவர் செம்பைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். தம்பியின் தலையை மெதுவாகத் தூக்கித் தன் மடியில் வைத்தார்.

"ஊத்து புள்ள. பாவம் வந்தா பூசாரி தலையில வரட்டும்."

ஊற்றினேன். அந்தக் கசப்பு இறங்கியதும் மாமா தீர்த்தம் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் கத்தல் முனகலானது, முனகலும் நின்றது. என் கணவர் தூங்கினார். மாமா கால் மரத்துப்போகும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவர் கண்ணில் தண்ணீர் வந்ததை நான் பார்த்தேன். அம்மன் அனுப்பிய ஆள் அவர்தான். தன் பூசாரியையே அனுப்பினாள்! இதைவிட என்ன பதில் வேண்டும்?

அம்மை இறங்கியது. யார் கண்ணும் போகவில்லை. வேப்பிலை போட்டுத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, அவரை மறுபடியும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டொக்டர் என்னைத் திட்டினார். திட்டட்டும், நியாயம்தானே. நடந்ததைக் கேட்ட தாதி மிஸ், "எங்கள் சிங்கள ஊர்களிலும் இதைப் பத்தினித் தெய்வத்தின் நோய் என்றுதான் சொல்வார்கள். நாங்களும் வேப்பிலை வைப்போம், கூடவே மருந்தும் கொடுப்போம்" என்றார்.

அதன்பிறகு என் கணவர் கத்தவில்லை. "அம்மாகிட்டயே சண்டைக்குப் போனியாமே, என்கிட்ட மட்டும் என்னமோ பயந்தவ மாதிரி இருந்த" என்று கேலி பண்ணினார். எங்கள் மகளைக் கூப்பிட்டுப் பேச வேண்டியதைப் பேசினார். அண்ணனோடு பழைய கதை பேசிச் சிரித்தார். கார்த்திகையில் ஒரு காலை, பிளேன்டீ இரண்டு வாய் குடித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். மூச்சு நின்றதை நானே உடனே கவனிக்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவ்வளவு அமைதியாகப் போனார்.

"மருந்து குடுத்தா, அதான் அம்மா எடுத்துக்கிட்டா" என்று லயத்தில் பேசினார்கள். பேசுகிறவர்கள் பேசட்டும். எடுத்துக்கொண்டாள், உண்மைதான். நான் கேட்டபடி எடுத்துக்கொண்டாள்.

இப்போது வேலையில்லாத ஞாயிறுகளில் அந்த வாட்டுக்குப் போகிறேன். எங்கள் தோட்டத்து ஆட்கள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார்கள். டொக்டர் வந்து எப்படி என்று கேட்டால், மரியாதைக்குக் கையைக் கட்டிக்கொண்டு "ஹொந்தாய்" என்பார்கள், நன்றாக இருக்கிறேன் என்று! பெரிய மனிதரிடம் வலிக்கிறது என்று சொல்வது மரியாதையில்லையாம். நான் பக்கத்தில் நின்று, "இல்லை டொக்டர், இரவெல்லாம் தூங்கவில்லை" என்று சிங்களத்தில் சொல்லிவிடுவேன். மாமாவும் சிலநாள் வருவார். திருநீறு பூசிவிட்டு, மருந்தைக் குடித்தாயா என்று கேட்பார்.

அம்மனை நம்புகிறவர்களே, கும்பிட்ட கையை இறக்காதீர்கள். அதற்காக வாயை மூடிக்கொள்ளவும் வேண்டாம். வலித்தால் டொக்டரிடம் சொல்லுங்கள், அம்மனிடமும் சொல்லுங்கள். மருந்து கொடுத்தால் குடியுங்கள். பெற்றவள் பிள்ளை கத்துவதைக் கேட்டுச் சந்தோஷப்பட மாட்டாள். இதற்கெல்லாம் அவள் கோபிக்க மாட்டாள். கோபித்தால், ராஜேஸ்வரிதான் சொன்னாள் என்று சொல்லுங்கள். நான் போய்ப் பேசிக்கொள்கிறேன்.