பாதையில் வராத கல்

பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பிக்கும் சீனித்தம்பி சேருக்கு மனிதர்களின் ஊர் உறவு எதுவும் மண்டையில் நிற்காது. சொந்த மச்சினியிடமே, "நீங்க எந்த ஊர் புள்ள?" என்று கேட்ட மகராசன். கல்லென்றால் கதை வேறு. சட்டைப்பையில் கிடக்கும் பூதக்கண்ணாடியை எடுத்து, உள்ளே மின்னும் மணிகளைப் பார்த்து, அந்தக் கல் எங்கே பிறந்தது, எவ்வளவு ஆழத்தில் வெந்தது, எப்படி மேலே வந்தது என்று சாதகமே சொல்லிவிடுவார்.

"சனமெல்லாம் இடம்பெயர்ந்து அலையிது. இவருக்குக் கல்லு இடம்பெயர்ந்த கதைதான் பெரிசு" என்பாள் மனைவி அன்னப்பூரணி.

யுத்தம் நடந்த தொண்ணூற்று மூன்றில் ஒருநாள், அவளையும் கூட்டிக்கொண்டு பழுகாமத்தில் உள்ள அவளுடைய தாய்வீட்டுக்குப் போனவர், வெல்லாவெளிப் பக்கம் பொறுக்கிய நீளக் கல்லொன்றைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினார். வாவியைக் கடக்க சாமித்தம்பியின் பாதையில் ஏறினார்கள். சனத்தையும் சைக்கிளையும் ஏற்றிக் கரைசேர்க்கும் அகன்ற மிதவைக்கு அங்கே பாதை என்றுதான் பெயர்.

இக்கரைச் சென்றிக் காவலரணில் அரைகுறைத் தமிழ் தெரிந்த ஆமிக்காரன் பையைத் திறந்தான்.

"இது என்ன?"

இத்தனை வருடத்தில் அப்படிக் கேட்ட முதல் ஆள் அவன். சேருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"இந்தச் சிவப்பு மணியப் பாருங்க மாத்தயா. கானெட். இது இரிந்தா, கல்லு பதினஞ்சு மைல் நிலத்துக்குக் கீழ இரிந்ததெண்டு அர்த்தம். இது வந்த பாதையத்தான் நான் தேடுறன்."

ஆமிக்காரனின் காதில் விழுந்தவை இரண்டு: நிலத்துக்குக் கீழே ஏதோ இருந்தது, அது பாதையில் வந்தது. உடனே சாமித்தம்பியை இழுத்துவந்தார்கள்.

"சேர், என்ட பாதையில ஏத்தினதெண்டு ஏன் சொன்னீங்க?"

"ஒங்கட பாதை இல்ல. இது வேற பாதை."

"வேற பாதையும் இருக்கா?" என்றான் ஆமிக்காரன்.

சாமித்தம்பியைச் சென்றிக் கொட்டிலுக்குள் இருத்தினார்கள். அந்த நாட்களில் அப்படி உள்ளே போன எல்லோரும் வெளியே வந்ததில்லை.

அன்னப்பூரணி சேரைத் தள்ளிவிட்டு முன்னே வந்தாள். "மாத்தயா, இது அம்மிக்குழவி. எங்கட அம்மா தந்தது. இவருக்கு மண்டை கொஞ்சம் பிசகு."

ஆமிக்காரன் சேரைப் பார்த்தான். கல்லைப்பற்றி ஒரு பொய் அவர் வாயில் வந்ததே கிடையாது. கொட்டிலுக்குள் சாமித்தம்பி தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

"ஓம். குழவிதான். மிளகாய் அரைக்கிறது" என்றார் சேர்.

"நாளை வீட்டுக்கு வந்து பாக்கிறது. அதுவரை இவர் இங்க" என்றான் அவன்.

வீட்டுக்கு வந்த கையோடு அன்னப்பூரணி செத்தல் மிளகாயும் உள்ளியும் அள்ளிப்போட்டு அந்தக் கல்லால் அரைத்தாள், அரைத்தாள், கை எரிய அரைத்தாள். கானெட் மணிகளெல்லாம் மிளகாயில் முழுகிப்போயின. பெற்ற பிள்ளையை அடிப்பதைப் பார்ப்பதுபோல் சேர் பார்த்துக்கொண்டிருந்தார்.

காலையில் வந்த ஆமிக்காரன் கல்லைத் தூக்கி முகர்ந்தான். பிறகு தும்மினான். வேலிப் படலை தாண்டிப் போகும்வரை தும்மினான். மத்தியானம் சாமித்தம்பி மறுபடி பாதை தள்ளிக்கொண்டிருந்தார்.

அதைக் கேள்விப்பட்டதும் சேர் மெல்லக் கல்லைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு நடந்தார்.

"கழுவினீங்களெண்டா தெரியும்" என்றாள் அன்னப்பூரணி. "சாமித்தம்பி அண்ணன் திரும்பி வந்த பாதை அது."

சேர் திரும்பிவந்து கல்லை அம்மியிலேயே வைத்தார்.