ஓடைப் பக்கத்து நிரை

சங்க வேலை என்பது ஊரார் வயிற்றுக்காகக் கத்திச் சொந்த வயிற்றைக் காயப்போடும் தொழில். சுவரொட்டி ஒட்டப் பசை வாளி தூக்கிய உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

திருடி

ஆடலூருக்கு மேலே ஒரு காப்பித் தோட்டம். ஐம்பதுகளின் கடைசி. பழம் பறிக்கும் பெண்களுக்கு ஆளுக்கொரு நிரை, அதாவது ஒரு வரிசைச் செடி. பறித்து முடிக்காமல் நகரக் கூடாது. பொன்னுத்தாய் மட்டும் ஓடைப் பக்கத்து நிரையையே கேட்பாள், அடிக்கடி காணாமல் போவாள். "புதருக்குள்ள புருசனா வச்சிருக்கே?" என்பாள் அடுத்த நிரை மாரியாயி. பழம் திருடுகிறாள் என்றான் கங்காணி.

சங்கத்துக்காரி என்ற உரிமையில் பின்னாலேயே போனேன். ஓடையில் சேலையை அலசிக்கொண்டிருந்தாள். தலைப்பிள்ளையை ஆயுதம் போட்டு எடுத்ததிலிருந்து வெளிக்கு வந்தால் அடக்க முடியவில்லையாம். கங்காணியிடம் பேசுகிறேன் என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"திருடின்னே இருக்கட்டும்க்கா. இதை மட்டும் யார்ட்டயும் சொல்லிராதீங்க."

கஞ்சி

அடுத்த பிள்ளை வயிற்றில். சாப்பிட்டால்தானே வரும் என்று காலைக் கஞ்சியை நிறுத்திவிட்டாள். கண் குழிந்துபோனது. வத்தலக்குண்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டரம்மா சோதித்துவிட்டு, முதல் பிரசவத்திலேயே உள்தசை கிழிந்திருக்கிறது என்றார். இதுவும் அதே வழியில் வந்தால் மிச்சமிருக்கும் பிடியும் போகலாம், போகாமலும் இருக்கலாம். வலி எடுக்கும் முன்பே வந்துவிடுங்கள், ஆயுதம் போடாமல் எடுக்கப் பார்க்கிறேன், பட்டினி கிடக்காதீர்கள் என்றார்.

அன்றே ஊர் திரும்பினோம். பஸ்ஸில் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"பிடி விட்டுப்போச்சுன்னா, எனக்கு அடுத்த நிரையில யாருக்கா நிப்பா?"

கோரிக்கை

அவள் பெயரைச் சொல்லாமல், பழம் பறிக்கும் ஒவ்வொரு காட்டிலும் கக்கூஸ், தண்ணீர், அவசரத்துக்கு நிரையை விட்டுப் போக உரிமை என்று எழுதிக் கொடுத்தேன். சங்கச் செயலாளர் படித்தார், அந்த வரிகளைக் கோடு போட்டு அடித்தார்.

"கூலி உயர்வுக்குப் பக்கத்துல கக்கூஸை எழுதினா துரை சிரிப்பான், தோழர்."

அடுத்த நிரை

ஆஸ்பத்திரியில் ஆயுதம் இல்லாமலே பெண் பிறந்தது. பிடிதான் போய்விட்டது, காற்றுகூட நிற்கவில்லை. அவள் தோட்டத்துக்குத் திரும்பிய அன்று நானும் போனேன். அடுத்த நிரை காலியாகக் கிடக்கும் என்ற பயம் எனக்கும்.

மாரியாயி நின்றாள், மேடிட்ட வயிற்றில் கூடையைச் சாய்த்துக்கொண்டு. பொன்னுத்தாய் தலை நிமிரவில்லை. சிறிது நேரத்தில் முகம் வெளுத்து ஓடைப் பக்கம் பார்த்தாள். கங்காணி திரும்பினான். மாரியாயி அவன் பார்வையை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"வெரசா போயிட்டு வாடி, ஒன் நிரையையும் பறிக்கேன். பயந்துதான்டி ஒன்னைய ஏசினேன். எனக்கும் மொதலு ஆயுதப்பிள்ளைதான்."

அந்தத் தோட்டத்தில் துரை மாறினார், கங்காணி மாறினான், சங்கக் கொடியின் நிறம்கூட மாறியது. கக்கூஸ் மட்டும் அதே ஓடைதான்.