ஒரே எண்ணில் மூன்று பேர்

திண்டுக்கல்லில் நான்கைந்து இடங்களுக்கு நான் சர்வர் பார்த்துக் கொடுக்கிறேன். ஒரு நூல் மில், ஒரு பிரியாணிக் கடை, பழனி ரோட்டில் ஒரு லாட்ஜ், அப்புறம் அந்த ரத்தப் பரிசோதனை லேப். எந்த இடத்திலும் எனக்கென்று நாற்காலி கிடையாது. வாரம் ஒரு நாள் பைக்கில் போவேன். யாராவது எழுந்து இடம் கொடுப்பார்கள். கறுப்புத் திரையில் நாலு கட்டளைகளைத் தட்டிவிட்டு, டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவேன். லேப்புக்குச் சனிக்கிழமை.

லேப்பில் என் வேலை பெரும்பாலும் ஆட்களைச் சேர்ப்பதும் நீக்குவதும்தான். டெக்னீஷியன்கள் யாரும் எட்டு மாதத்துக்கு மேல் தங்குவதில்லை. ஒருவர் போனால் அவருடைய கணக்கை அழிப்பேன், அடுத்தவருக்குத் திறப்பேன். இரண்டும் அடுத்தடுத்த இரண்டு வரிகள். போகிறவர் அடித்த ரிப்போர்ட்டுகள் மட்டும் அப்படியே இருக்க வேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு. புதிதாக வருகிறவர் இரண்டு வாரம் பழையவர் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பழகுவார். அதுவரை அவருக்கு லாகின் கிடையாது. அழிப்பதையும் திறப்பதையும் ஒரே சனிக்கிழமையில் முடித்துவிடலாம் என்று நான் கொண்டுவந்த வழக்கம் அது. என் சோம்பேறித்தனத்துக்கு அங்கே முறை என்று பெயர்.

ஐப்பசி மழைக்குப் பிறகு ஊரெல்லாம் காய்ச்சலாக இருந்தபோது ஒரு டெக்னீஷியன் சவுதி வேலைக்குப் போகப் போவதாகச் சொன்னார். அவர் இடத்துக்குப் பேகம்பூரிலிருந்து ஒரு பெண் வந்தாள். படிப்பு முடித்து அவளுக்கு அதுதான் முதல் வேலை. அத்தா என்று அவள் சொல்லும் அப்பா, தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்க்கிறவர். இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை அவருடைய கணக்கை அழித்துவிட்டு அவளுக்குத் திறந்தேன். பாஸ்வேர்டு போடச் சொன்னபோது, "செத்த அங்குட்டுத் திரும்பிக்கங்க சார்" என்றாள். அந்த லேப்பில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. எல்லாரும் சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டிவைக்கிற ஜாதி. நான் சிரித்துக்கொண்டே திரும்பிக்கொண்டேன்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை, முதலாளி உடனே வரச் சொன்னார். அவர் அறையில் வடமதுரைப் பக்கத்திலிருந்து வந்த இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருடைய மனைவி இறந்துபோயிருந்தார். இன்னொருவர் அவருடைய மச்சான். காய்ச்சலுக்குப் பார்த்த ரத்தத்தில் பிளேட்லெட் என்கிற தட்டணு பதினெட்டாயிரம் என்று மிஷின் சீட்டில் இருந்தது. லேப் கொடுத்த ரிப்போர்ட்டில் ஒரு லட்சத்து எண்பதாயிரம். அதை நம்பி டாக்டர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மூன்றாம் நாள் மதுரைக்குக் கொண்டுபோனார்கள்; பயனில்லை. மிஷின் சீட்டைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் கையால் அடிப்பதுதான் லேப்பில் பழக்கம். அடித்தவர் பெயர் ரிப்போர்ட்டில் வராது.

"யார் அடிச்சதுன்னு எடுத்துக் காட்டுங்க தம்பி" என்றார் முதலாளி.

ஒரு வரி தட்டினேன். அந்தக் கோப்பு யாருடையது என்பதற்கு நேரே அந்தப் பெண்ணின் பெயர் வந்தது. அவளைக் கூப்பிட்டார்கள்.

"அன்னிக்கு எனக்கு லாகினே கிடையாது சார். பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அண்ணன்தான் அடிச்சாரு" என்றாள்.

வருகைப் பதிவேட்டைப் பார்த்தார்கள். ரிப்போர்ட் தேதியன்று இரண்டு பேருமே வேலைக்கு வந்திருந்தார்கள். சவுதிக்குப் போன அந்த அண்ணனின் போன் கிடைக்கவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவளுக்கு எந்தச் சனிக்கிழமை திறந்தேன் என்று எனக்கு நினைவில்லை. எழுதிவைக்கும் பழக்கமும் இல்லை. பாஸ்வேர்டு கோப்பில் ஒவ்வொருவர் வரியிலும், அவர் பாஸ்வேர்டு வைத்த நாள் ஓர் எண்ணாகப் பதிந்திருக்கும். அதைப் பார்க்க அரை நிமிடம் போதும். நான் பார்க்கவில்லை. என் கட்டளை காட்டிய பதிலை ஒரு பெண் பிள்ளை மறுத்துப் பேசியது எனக்கு எரிச்சலாக இருந்தது. அதுதான் உண்மை.

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுங்கய்யா" என்றேன்.

மனைவியை இழந்தவர் சத்தம் போடவில்லை. அவளைப் பார்த்து, "ஒரு சைபர்மா. அம்புட்டுத்தான்" என்றார். மறுநாள் அவளை நிறுத்திவிட்டார்கள். அந்தச் சனிக்கிழமை அவளுடைய கணக்கை நானே அழித்தேன்.

அவள் இடத்துக்கு ஆள் கிடைக்க இரண்டு மாதம் ஆயிற்று. சின்னாளபட்டியிலிருந்து ஒரு நடுவயது அம்மா வந்தார். பழக்கிவிட ஆள் இல்லாததால் வந்த அன்றைக்கே லாகின் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தேன். அதே நேரம் முதலாளி அந்தப் பழைய ரிப்போர்ட்டின் நகல் ஒன்று வக்கீலுக்கு வேண்டும் என்றார். பட்டியலை எடுத்தேன். அந்த ரிப்போர்ட்டுக்கு நேரே, அன்று காலையில்தான் வேலைக்கு வந்த அந்த அம்மாவின் பெயர் இருந்தது.

கம்ப்யூட்டர் ஆளைப் பெயரால் அறியாது. ஒவ்வொரு கணக்குக்கும் ஓர் எண்; கோப்பில் பதிவது அந்த எண்தான். அந்த எண் இப்போது யாரிடம் இருக்கிறதோ அவர் பெயரைத் திரையில் காட்டும். கடைசி ஆளை அழித்துவிட்டு அடுத்தவரைச் சேர்த்தால், அழித்தவரின் எண்ணே அடுத்தவருக்குப் போகும். சவுதிக்குப் போனவரின் எண் 1014. அது அவளுக்குப் போனது. இப்போது இந்த அம்மாவிடம் இருந்தது. அந்த எண்ணோடு முதல் ஆள் அடித்த தப்பும் போய்க்கொண்டிருந்தது. இது தொழிலில் முதல் வருடமே தெரிந்திருக்க வேண்டிய விஷயம். எனக்குத் தெரியும், நினைக்கவில்லை.

அந்தப் பெண் பாஸ்வேர்டு வைத்த தேதி இருந்த வரியைத் தேடினேன். அவளை அழித்தபோது அதையும் நானே அழித்திருந்தேன். அந்தக் கோப்பின் முந்தைய நகல் ஒன்று எப்போதும் இருக்கும். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் புதிய அம்மாவைச் சேர்த்தபோது அதுவும் மாறிவிட்டது. சர்வர் குறித்துவைக்கும் தினசரிப் பதிவு நான்கு வாரத்துக்குத்தான் இருக்கும்.

முதலாளியிடம் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "சம்பந்தப்பட்ட பிள்ளைய நிறுத்தியாச்சுன்னு அவங்களுக்குச் சொல்லியாச்சு தம்பி. இப்பப் போயி ஆளு மாறிப்போச்சுன்னா நம்மள நம்புவாங்களா? கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுன்னு நீங்கதான சொன்னீங்க" என்றார். டீ வந்தது, அதையும் குடித்தேன்.

அந்தப் பெண்ணைத் தேடிப் போனபோது, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ஜவுளிக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். ஊரில் வேறெந்த லேப்பிலும் அவளை எடுக்கவில்லை. லேப் வைத்திருப்பவர்கள் எல்லாரும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார்கள். கூட்டம் குறைந்ததும் நடந்ததைச் சொன்னேன். எண் எப்படி மாறியது என்பதை இரண்டு முறை விளக்கினேன். துணிப் பைகளை அடுக்கிக்கொண்டே கேட்டாள்.

"நான் அன்னிக்கே சொன்னேனே சார்."

"ஆமாம்மா. தப்பு என் மேலதான்."

"அப்ப அத ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க சார். இப்படி நடந்துச்சு, இந்தப் பிள்ளை அடிக்கலைன்னு. அடியில உங்க பேரப் போட்டுக் கையெழுத்துப் போடுங்க. வேலைக்குக் கேக்கல. அத்தா கையில குடுக்கணும். ஒரு பொம்பளை செத்ததுக்கு நாந்தான் காரணம்னு அவுக நெனைக்கிறாக. ஏன்னு ஒரு வார்த்தை கேக்கல. என் மூஞ்சியப் பாத்துப் பேசறதும் இல்ல."

"அடுத்த வாரம் கொண்டு வாரேன்" என்றேன்.

வீட்டில் மூன்று முறை எழுத உட்கார்ந்தேன். என் பெயரைப் போட்டால் அது வக்கீல் கைக்கும் போகும். மில்லுக்குத் தெரியும், லாட்ஜுக்குத் தெரியும், இந்த ஊரில் அப்புறம் எவனும் என்னைச் சர்வர் பக்கம் விடமாட்டான். எனக்குப் பயம். அந்தக் கடைத் தெரு வழியாக இப்போது நான் போவதில்லை, சுற்றிக்கொண்டு போகிறேன்.

இப்போது நடந்தது முழுவதையும் எழுதிவிட்டேன். அவள் பெயர் இல்லாமல், என் பெயரும் இல்லாமல். அவள் அத்தா கையில் கொடுக்க இது உதவாது.